புது வீரன் வந்தான். பழைய வீரன் என்ன ஆவான்?

சால்ட் லேக்கில் விலாசம் கேட்டால் தெருப் பெயர் சொல்லமாட்டார்கள். ஏஏ பிளாக், பிடி பிளாக், சிகே பிளாக் என்று எழுத்தைச் சொல்வார்கள். இல்லையென்றால் தண்ணீர் டாங்கின் நம்பரைச் சொல்வார்கள். டாக்டர் பிதான் சந்திர ராய் மேற்கு வங்க முதல்வராக இருந்த காலத்தில் திட்டம் தீட்டி, ஹூக்ளி ஆற்று மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து உப்பு ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய நகரம் இது. இன்று இதன் கிழக்கு ஓரத்தில் செக்டர் ஃபைவ் என்ற பகுதியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து உத்தியோகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர், முன்போல் லேக் மார்க்கெட் பக்கம் அறை தேடாமல், இங்கேயே பக்கத்தில் தங்கிவிடுகிறார்கள்.

4-ம் நம்பர் டாங்குக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாடி வீடு. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அங்கே ஆறு பேர் கூடுகிறார்கள். நடுவில் ஒரு மேஜை, காகிதங்கள், பென்சில்கள், ஒரு பெரிய தட்டு நிறைய ஜால் முரி, பல நிறத்தில் பகடைகள். சீட்டுக்கட்டு கிடையாது, பணம் வைத்து ஆடுவதும் கிடையாது. ஏழு மணிவரை பேச்சும் சிரிப்பும் பகடை உருளும் சத்தமும்தான்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது இந்த விளையாட்டின் பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நிலவரம் சொல்வதுபோல, “இருட்டுக் குகை, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று தொழிலுக்கு ஒரு பட்டியல் உண்டு. செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணைப் பொறுத்தே காரியம் பலிக்கும். தாயக்கட்டை உருட்டிப் பழகிய நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கட்டைக்கு நாலு பக்கம், இதற்கு இருபது, அவ்வளவே.

இங்கே ஆட்டத்தை நடத்துபவர் பராசத் ஊர்க்கார வங்காளி. எல்லோரும் இவரை ‘தாதா’ என்கிறார்கள். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் சினிமா தாதா அல்ல. ஆறு பேரில் இருவர் தமிழர்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர். சென்ற ஆண்டு வந்து சேர்ந்த தென்காசி இளைஞர் ஒருவர். இந்த மேஜையில் சில வாரங்களுக்குமுன் எழுந்த ஒரு தகராறுதான் இக்கட்டுரையின் விஷயம்.

காசில்லாமல் கிடைக்கும் வீரன்

முதலில் வெளியான பெட்டியில் மூன்றே தொழில்கள்தான் இருந்தன: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. சண்டைக்காரனைப் பிரித்துக் கிளை உண்டாக்கும் வழக்கம் மறு ஆண்டே தொடங்கிவிட்டது. 1975-ல் தர்மவீரனான பாலடின் வந்தான். காட்டு வீரனான ரேஞ்சரும் அதே ஆண்டு வந்தான். 1985-ல் ‘அன்எர்த்ட் ஆர்கானா’ என்ற புத்தகம் காட்டுமிராண்டி வீரனையும் குதிரை வீரனையும் கொண்டுவந்தது. அன்று முதல் இன்றுவரை புது வீரர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள்.

2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில், வீரன் மூன்றாம் படி ஏறியதும் ஒரு கிளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் புத்தகத்தில் மூன்று கிளைகள். ‘பாட்டில் மாஸ்டர்’ தந்திரக்காரன். எதிரியைத் தடுக்கி விழச்செய்வான், ஆயுதத்தைத் தட்டிவிடுவான், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. ‘எல்ட்ரிச் நைட்’ வாளோடு மந்திரமும் கற்றவன். மூன்றாமவன் ‘சாம்பியன்’. அவனுக்குப் படிப்பே வேண்டாம். மற்றவர்களுக்குப் பகடையில் 20 விழுந்தால்தான் இரட்டை அடி. சாம்பியனுக்கு 19 விழுந்தாலும் இரட்டை அடி. தொடக்கத்தில் அவனுக்குள்ள விசேஷம் அந்த ஒன்றுதான்.

தென்காசி இளைஞர் எடுத்துக்கொண்டது இந்தச் சாம்பியனை. காரணம் இரண்டு. புத்தகங்கள் விலை அதிகம். கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் அடிப்படை விதிகளில் வீரனுக்கு இருக்கும் ஒரே கிளை சாம்பியன்தான். இன்னொன்று, மேஜையில் பாதி ஆங்கிலம், கால் வங்காளி, கால் இந்தி. மற்ற வீரர்களை ஆட வேண்டுமானால் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் படித்து, சமயத்தில் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். சாம்பியனுக்கு எண் தெரிந்தால் போதும். 19 விழுந்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். வந்த புதிதில், வாரம் முழுவதும் அந்த அறையைத் தவிர வேறெங்கும் அவர் வாய்விட்டுப் பேசியதில்லை என்று கோயம்புத்தூர்ப் பெண் சொல்கிறார். ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி இருப்பதுபோல விளையாட்டில் சாம்பியன். சொகுசு இல்லை, ஆனால் யாரும் ஏறலாம், ஊர் போய்ச் சேரலாம்.

நூறு வீச்சுக் கணக்கு

கம்பெனி புது வீரர்களை நேராகப் புத்தகத்தில் அச்சடித்துவிடுவதில்லை. பழைய புத்தகத்தின் பெயரான ‘அன்எர்த்ட் ஆர்கானா’வையே வைத்து, 2015 முதல் நகல் வடிவில் இலவசமாக வெளியிட்டு ஆட்டக்காரர்களின் அபிப்பிராயம் கேட்கிறது. தேறினால் புத்தகம், தேறாவிட்டால் குப்பைக்கூடை. 2016 டிசம்பரில் வந்த நகலில் நான்கு வீரர்கள் இருந்தனர்: மந்திர வில்லாளி, நைட், சாமுராய், குறிபார்ப்பவன். மறு ஆண்டு ‘சனத்தர்ஸ் கைடு’ என்ற புத்தகம் வந்தபோது வில்லாளியும் சாமுராயும் தேறினார்கள், நைட் குணம் மாறிக் குதிரை வீரனோடு கலந்துவிட்டான், குறிபார்ப்பவனைக் காணோம்.

2018 ஜனவரியில் வந்த நகலில் ‘புரூட்’ என்றொரு வீரன். முரடன் என்று சொல்லலாம். இவன் புத்தகம் ஏறவேயில்லை. ஆனால் நகல் என்பது ஒருமுறை வெளியே வந்துவிட்டால் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? சந்தன்நகரிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவரின் பழைய வீரன் குகையில் மாண்டுபோனான். அடுத்த ஞாயிறு அவர் இந்த முரடனை அச்செடுத்துக்கொண்டு வந்தார்.

முரடனின் விசேஷமும் ஒன்றே ஒன்றுதான். அவன் அடி விழுந்தபோதெல்லாம் கூடுதலாக ஒரு நாலுமுகப் பகடை. மேல்படிகளில் அது ஆறுமுகம், எட்டுமுகம், பத்துமுகம் என்று வளரும்.

பார்வைக்கு இரண்டும் ஒரே தரம்போல்தான் தோன்றும். அன்று மாலை சண்டையில் முரடன் நாலு அடி அடித்தான், நாலிலும் கூடுதல். சாம்பியனுக்கு 19 விழவேயில்லை. ஏழு மணிக்குத் தென்காசி இளைஞர் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கேட்டதற்கு “ஓவர்டைம்” என்று பதில் வந்தது.

கோயம்புத்தூர்ப் பெண் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். கணக்கு இதுதான். எதிரியை அடிக்கப் பகடையில் 8-ம் அதற்கு மேலும் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நூறு வீச்சில் 65 பலிக்கும். கையில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டும் பெரிய வாள். அதன் சராசரி 7. சாம்பியனுக்கு 19-ஆல் வருவது நூறில் 5 இரட்டை அடி. 5-ஐ 7-ஆல் பெருக்கினால் 35. நாலுமுகப் பகடையின் சராசரி இரண்டரை. முரடனுக்கு 65 அடியிலும் இரண்டரை வீதம் கிடைக்கிறது. 20 விழும் 5 இரட்டை அடியில் இன்னொரு இரண்டரை. மொத்தம் 175.

35 எங்கே, 175 எங்கே! ஐந்து மடங்கு.

இன்னொரு கணக்கு இதைவிட உறைத்தது. இந்த மேஜையில் ஒரு ஞாயிறு மாலையில் இரண்டு சண்டை நடக்கும். நாலாம் படி வீரனுக்கு எட்டு வீச்சு கிடைக்கும். எட்டு வீச்சில் ஒரு தடவைகூட 19 விழாமல் போக 66 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. அதாவது மூன்று ஞாயிறுகளில் இரண்டில் சாம்பியனின் விசேஷம் தலைகாட்டாமலே போகும். டல்ஹௌசிப் பக்கம் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இந்த நிலைமை புரியும். ஒரே கிரேடு, ஒரே வேலை. பின்னால் வந்த ஜூனியருக்குச் சம்பளம் கூடுதலாக விழுந்துவிட்டால் அதை அனாமலி என்று மனுப் போடுவோம், சீனியரின் சம்பளத்தை உயர்த்தி ஈடு செய்யச் சொல்வோம். ஜூனியர் மீது கோபம் இல்லை. அவர் தன் ஆர்டரில் உள்ளதைத்தான் வாங்குகிறார்.

“அவனும் முரடனையே எடுத்துக்கொள்ளட்டுமே” என்றார் சந்தன்நகர்க்காரர். நியாயமான கேள்விதான். முரடனும் எளிய வீரன், படிப்பு வேண்டாம். ஆனால் அப்படி எடுத்துக்கொண்டால் சாம்பியனை இனி யாரும் தொடமாட்டார்கள். பழைய ஒன்றை அடியோடு பயனற்றதாக்கும் புதியதை ‘புது வகை’ என்று எப்படிச் சொல்வது? அது பழையதின் மேல் பூசிய வேறு பெயர்தானே? அதோடு, தென்காசி இளைஞர் அந்தச் சாம்பியனை மாதக்கணக்கில் வளர்த்திருந்தார். தலைப்பில் தம் தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார். அதைக் கிழித்துப்போடு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தாதா ஒரு வாரம் யோசித்து இரண்டு காரியம் செய்தார். முரடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2024-ல் வந்த புதுப் புத்தகத்திலுள்ள சாம்பியனைத் தென்காசி இளைஞருக்குக் கொடுத்தார். கம்பெனியே இந்த அனாமலியைக் கவனித்திருக்கும்போல. புதுப் புத்தகத்தில் சாம்பியனுக்கு மூன்றாம் படியிலேயே இன்னொரு சலுகை சேர்ந்திருக்கிறது. சண்டையில் யார் முந்துவது என்று உருட்டும்போதும், ஏறுவது தாண்டுவது போன்ற உடல்பலக் காரியங்களுக்கும் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 19 விழாத மாலையிலும் இனி முதலில் பாய்பவன் அவன்.

ஒரு நாள் என்பது எத்தனை ஞாயிறு?

சந்தன்நகர்க்காரர் விடவில்லை. “சரி, புத்தகத்தில் ஏறிய வீரன்தானே வேண்டும்?” என்று சாமுராயைக் கொண்டுவந்தார். அதைத் தடுக்க முடியாது. சாமுராய் ஒரு நாளில் மூன்று முறை வீர ஆவேசம் கொள்ளலாம். அந்த வீச்சுக்கு இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வான். நூறில் 65 பலிப்பது கிட்டத்தட்ட 88 ஆகிவிடும். கொஞ்சம் தற்காலிக உயிர்ப்பலமும் கிடைக்கும்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. புது வீரர்களை எடைபோடுகிறவர்களில் பலர் தவறவிடும் இடமும் இதுவே என்று சொல்ல வேண்டும். வலிமைக்கு 3 சேர்த்து ஓர் அடிக்குச் சராசரி 10 என்று வைத்தால், ஆவேசம் கொண்ட ஒரு வீச்சில் சாமுராய்க்குக் கூடுதலாக வருவது இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். மூன்று வீச்சுக்கு 7.8. சாம்பியனுக்கு எட்டு வீச்சில் 2.8. ஆக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சாமுராய் மேலே நிற்கிறான்.

ஆனால் கதையில் ‘ஒரு நாள்’ என்பது எப்போது முடிகிறது? இந்த மேஜையில் ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும்போது கதையிலும் இரவாகி, வீரர்கள் தூங்கி, மறுவாரம் புத்துணர்ச்சியோடு எழுந்திருப்பார்கள். அது வசதிக்காக ஏற்பட்ட பழக்கம், விதி அல்ல. 2014-ன் நடத்துநர் புத்தகமோ ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டை என்று கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு சண்டையோடு நாளை முடித்துவிட்டால், நாளுக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கொடுத்த பலம் உள்ளவர்கள் எல்லாம் கொழிப்பார்கள். எண்ணிக்கை இல்லாத, எப்போதும் ஒரே மாதிரி உழைக்கிற சாம்பியன் பின்தங்குவான். மந்திரவாதி முதல் ஆளாகக் கொழிப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தாதா நாளை நீட்டினார். மூன்று ஞாயிறு சேர்ந்து கதையில் ஒரு நாள், ஆறு சண்டை, 24 வீச்சு. இப்போது சாமுராய்க்கு அதே 7.8. சாம்பியனுக்கு 8.4. ஒரு விதியையும் திருத்தாமல், தூங்கும் நேரத்தை மாற்றியதிலேயே தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது! தற்காலிக உயிர்ப்பலம் இருப்பதால் சாமுராயும் ஒன்றும் நஷ்டப்படவில்லை. சந்தன்நகர்க்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு ஆவேசத்தை எப்போது செலவழிப்பது என்று பார்த்துப் பார்த்து ஆடுவதில் அவருக்கே ருசி தட்டியது.

தென்காசி இளைஞரைப் போய் அழைத்துவந்தது அவர்தான். ஞாயிறு காலை அறைக்குப் போய்க் கதவைத் தட்டி, கீழே மண்குவளையில் டீ வாங்கிக்கொடுத்து, தமக்குத் தெரிந்த இந்தியில் கணக்கு முழுவதையும் விளக்கினாராம். “பாதிதான் புரிந்தது, அக்கா, ஆனால் 8.4 புரிந்தது” என்று இளைஞர் கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் சொன்னார்.

கரந்தை

இத்தனை கணக்கும் எதிரிக்கு எவ்வளவு காயம் என்பதைப் பற்றியதுதான். காயக் கணக்கில் அகப்படாத வீரர்களும் உண்டு. சனத்தர் புத்தகத்துக் குதிரை வீரனைப் பாருங்கள். அவன் அடித்துக் குறியிட்ட எதிரி, பக்கத்தில் நிற்கும்வரை, அவனைத் தவிர வேறு யாரைத் தாக்கினாலும் இரண்டு பகடை உருட்டி மோசமானதை எடுக்க வேண்டும். 65 சதவிகிதம் பலிப்பது 42 ஆகிவிடும். அவன் நோட்டில் காயக் கணக்கு குறைவாகத்தான் இருக்கும். பூசாரியும் திருடனும் உயிரோடு வீடு திரும்புவார்கள். மந்திர வில்லாளிக்கு இதற்கு நேர்மாறான விதி. கேட்க அழகான வீரன். ஆனால் மந்திர அம்பு இரண்டே இரண்டுதான், ஓய்வெடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். மேல்படி ஏறினாலும் அந்த இரண்டு இரண்டாகவே நிற்கிறது. இதை எடுத்தவர்கள் வருத்தப்படாமல் இருந்ததில்லை.

வேஷப் பொருத்தம் தவறினாலும் வீரன் தேறமாட்டான். 2025 ஜனவரி நகலில் ‘பர்ப்பிள் டிராகன் நைட்’ என்ற வீரனுக்குத் துணையாக ஒரு குட்டி டிராகனைக் கொடுத்தார்கள். பழைய கதைகளில் அந்தப் பெயர் ஒரு ராஜ்யத்துப் படைவீரர்களைக் குறிக்கும். அவர்கள் டிராகன் வளர்ப்பவர்கள் அல்லர். ஆட்சேபம் கிளம்பியது. ஆண்டு இறுதியில் புத்தகம் வந்தபோது டிராகனும் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. ‘பேனரெட்’ என்ற கொடி வீரன் வந்திருந்தான்.

வீரனை வகை பிரிப்பது தமிழனுக்குப் புதிதா? தொல்காப்பியம் போரையே வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று பூவின் பெயரால் பிரித்துவைத்திருக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல். செங்கம் பகுதியில் இன்றும் அவ்வகைக் கற்கள் நிற்கின்றன. கோயம்புத்தூர்ப் பெண் இதை ஒருநாள் மேஜையில் சொல்லப்போக, “அப்படியானால் அந்த வீரனை நாமே எழுதினால் என்ன?” என்று தாதா கேட்டார். தங்கள் மேஜைக்கு மட்டும் ஒரு கிளை எழுதிக்கொள்ள விளையாட்டில் தடையில்லை.

எழுதினார்கள். முதல் வடிவில், கரந்தை வீரன் பத்தடிக்குள் நிற்கும் தோழன் மேல் விழும் அடியைக் குறுக்கே புகுந்து தான் வாங்கிக்கொள்ளலாம். அதில் பாதிதான் அவனுக்குக் காயம். ஒத்திகை பார்த்ததில் ஆட்டமே சப்பென்று ஆயிற்று. எந்த அடியும் பாதியாகிவிடுகிறது, யாருக்கும் பயமில்லை, பூசாரிக்கு வேலையில்லை. கணக்கில் தேறிய வீரன் மேஜையில் தேறவில்லை. இரண்டாம் வடிவில் பாதியை எடுத்துவிட்டு முழு அடியையும் வாங்கச் செய்தார்கள். இரண்டே சண்டையில் கரந்தை வீரன் நடுகல்லாகிவிட்டான். மூன்றாம் வடிவு, பாதிக் காயமே, ஆனால் நாளுக்கு மூன்று முறை.

இதைத் தென்காசி இளைஞருக்கென்றுதான் அந்தப் பெண் எழுதினார். அவர், “இல்லை அக்கா, எனக்குத் தாத்தா போதும்” என்று சாம்பியன் காகிதத்தை மடக்கிவைத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர் சந்தன்நகர்க்காரர். ‘கொரொந்தோய்’ என்று வங்காளி வாயில் வந்தவண்ணம் சொல்லிக்கொண்டு, சாமுராயை ஒரு கிராமத்தில் காவலுக்கு விட்டுவிட்டு, புது வீரனோடு உட்கார்ந்திருக்கிறார்.

கதையில் ஒரு நாளின் இரண்டு ஞாயிறு முடிந்திருக்கிறது. குறுக்கே புகும் வாய்ப்பில் இரண்டு செலவாகிவிட்டது. அதில் ஒன்று சாம்பியனுக்காக. மூன்று முறை என்பது அதிகம், இரண்டே போதும் என்கிறார் தாதா. வருகிற ஞாயிறு இன்னும் இரண்டு சண்டை பாக்கி. அதைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதலாம் என்று அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்திருக்கிறார்.